பார்க்காததற்குப் போட்ட கையெழுத்து

இராமநாதபுரம்
8.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மாரீஸ்வரன் எழுதுவது. இங்கே நானும் கனகலட்சுமியும் மகள் கவிப்ரியாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? புதுக் காதுக் கருவி ஒத்துவந்ததா? போனில் பேசினால் உங்களுக்கு இரைச்சல்தான் கேட்கிறது என்பதால் வழக்கம்போல் கடிதமே எழுதுகிறேன்.

ஆசிரியர் தினத்துக்குக் கல்லூரியில் கூட்டம் நடந்தது. கெமிஸ்ட்ரி துறைத் தலைவர் என்ற முறையில் நான்தான் நன்றி சொன்னேன். சிறப்பு விருந்தினர் அரைமணி நேரம் உங்களைப் பற்றியே பேசினார். "தமிழ்நாட்டுக் காலேஜ்ல பிராக்டிகல்னு ஒண்ணு நெசமா நடக்குதுன்னா அதுக்குப் பேராசிரியர் உமையாள்தான் காரணம்" என்றார். பல்கலைக்கழகத்தில் சொந்தத் தம்பியையே ஃபெயில் போட்ட கதையையும் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கவிப்ரியாவுக்குக் கடலாடியில் ஓர் இடம் அமைந்திருக்கிறது. தையில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மே மாதம் எனக்கு ஓய்வு. அதற்குள் அவளைக் கரை சேர்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. மண்டபம் பக்கம் ஒரு கடல்பாசி கம்பெனியில் போன வாரம் விபத்து. பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அடிபட்ட பெண் எங்கள் கல்லூரியில் படித்தவள் என்று போட்டிருக்கிறார்கள். கம்பெனியின் கவனக்குறைவு. வேறொன்றும் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

தம்பி,
மாரீஸ்வரன்


மதுரை
14.9.2024

அன்புத் தம்பி மாரீஸ்வரனுக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. காதுக் கருவியைப் போட்டால் பக்கத்தில் இருந்து பேசுபவர்கள் குரல் கேட்கிறது. அது போதும். கவிப்ரியா செய்தி மனதுக்கு நிறைவாக இருந்தது. அவளுக்கு என் ஆசியைச் சொல்.

விபத்துச் செய்தியைப் பார்த்தேன். பேப்பரில் "இரசாயனம்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். என்ன இரசாயனம்? அமிலமென்றால் எது? அடர் அமிலமா, நீர்த்ததா? எந்தப் பாத்திரத்தில் வைத்திருந்தார்கள்? அந்தப் பெண் எந்த வருடம் முடித்தாள்? அவளுக்குச் செய்முறை வகுப்பு எடுத்தது யார்?

கூட்டத்தில் என்னைப் புகழ்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் 1980இல் துறையில் சேர்ந்தபோது தேர்வுக்கு முந்தின நாளே எந்த எண்ணுக்கு எந்த உப்பு என்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். விடையை எழுதிவிட்டுக் காலிச் சோதனைக் குழாயை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் ஆளுக்கொரு வேறு உப்பைப் பெயர் போடாத புட்டியில் கொடுத்தேன். விடைக்குப் பாதி மதிப்பெண்தான். என்ன நிறம் வந்தது, என்ன வாசனை, எத்தனை நிமிடம் என்று கண்டதை எழுதினால் மீதிப் பாதி. முதல் வருடம் இருபத்தெட்டுப் பேரில் பதினேழு பேர் தோற்றார்கள். என் அறைக் கதவில் சாணியை அப்பினார்கள். பத்து வருடம் கழித்து மற்றப் பல்கலைக்கழகங்கள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போயின. நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான்.

கேட்டதற்குப் பதில் எழுது. கனகலட்சுமியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா,
உமையாள்


இராமநாதபுரம்
30.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. ஊரணியெல்லாம் காய்ந்து கிடக்கிறது.

அந்தப் பெண்ணின் பெயர் யுவராணி. இந்த ஏப்ரலில் முடித்தவள். அடர் சல்ஃப்யூரிக் ஆசிட் இருந்த வாளியில் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் தவறுக்குக் கல்லூரி என்ன செய்யும்? எங்களிடம் ரெக்கார்டு நோட்டு இருக்கிறது. இருபத்திரண்டு எக்ஸ்பெரிமெண்டும் செய்து முடித்ததாகப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கவனம் நிற்பதில்லை, உங்களுக்கே தெரியும்.

கம்பெனிக்காரன் கல்லூரிமேல் பழியைப் போடுகிறான். தாளாளர் ஒரு வக்கீலை வைத்திருக்கிறார். போனில் யாரிடமும் இதைப் பேச வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அவளை மதுரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்களாம். நீங்கள் போய்ப் பார்க்க வேண்டாம். உங்களை அடையாளம் கண்டால் பத்திரிகைக்காரர்கள் விடமாட்டார்கள்.

மழை வருவதற்குள் கூரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரீஸ்வரன்


மதுரை
12.10.2024

தம்பி மாரீஸ்வரனுக்கு,

நலமே. உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்பே நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டேன்.

இரண்டு கண்ணும் போய்விட்டன. முகமும் கழுத்தும் கட்டுக்குள் இருக்கின்றன. வாய் மட்டும் தெரிகிறது. பக்கத்தில் அவள் தாய் உட்கார்ந்திருந்தாள். கடலில் முங்கிப் பாசி எடுப்பவள்; கை விரலெல்லாம் பாறை கிழித்த தழும்பு. நான் யாரென்று சொன்னதும் எழுந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மகளிடம் குனிந்து, "ஏத்தா, ஒம் பொஸ்தகம் எழுதுனவுகளாம், பாக்க வந்திருக்காக" என்றாள்.

நான் அவள் வாயருகே காதை வைத்துக்கொண்டேன்.

"நீத்துப்போட சொன்னாங்கம்மா. வாளியில ஆசிட்டு இருந்துச்சு. தண்ணிய ஊத்துனேன். பொசுக்குன்னு பொங்கி மேல அடிச்சிருச்சு."

"எதை எதுல சேக்கணும்னு தெரியுமா தாயி?"

 அவள் என் செய்முறைப் புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். அடர் அமிலத்தை மெல்ல மெல்லத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும், ஒருபோதும் தண்ணீரை அமிலத்தில் சேர்க்கக் கூடாது. எச்சரிக்கைக் குறி போட்ட வரியையும் சொன்னாள்.

"எழுதச் சொன்னா பத்துக்குப் பத்து வாங்குவேம்மா. ஆனா ஆசிட்டுப் பக்கத்துல அன்னைக்குத்தான் நின்னேன். பதட்டத்துல கை அதுபாட்டுக்குப் போயிருச்சு."

மூன்று வருடத்தில் ஒரு ப்யூரெட் குழாயைக்கூட அவள் தொட்டதில்லை. ஆய்வகம் பூட்டியே கிடந்தது என்கிறாள். முந்தின வருடத்து நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுப்பார்களாம், மறுவாரம் கையெழுத்தோடு திரும்பி வருமாம்.

உன்னை ஒன்றுதான் கேட்கிறேன். அந்தக் கையெழுத்து யாருடையது?

உமையாள்


இராமநாதபுரம்
20.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தீபாவளி வந்தது, பிறகு மழை பிடித்துக்கொண்டது. கனகலட்சுமிக்குச் சளிக் காய்ச்சல், இப்போது சுகம். நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் வராதது எல்லாருக்கும் குறைதான். சம்பந்தி வீட்டார் உங்களைப் பற்றிக் கேட்டார்கள்.

பல்கலைக்கழகம் விசாரணைக் கமிட்டி போட்டிருப்பதாகவும், தம்பியையே ஃபெயில் போட்டவர் என்பதால் உங்களையே தலைவராக இருக்கும்படி கேட்டிருப்பதாகவும் தாளாளர் சொன்னார். கேட்டதும் மூன்று மாதத்தில் முதல் முறையாக மூச்சு விட்டேன். நீங்கள் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

2012இல் இந்தக் கல்லூரிக்கு நீங்கள் செய்த உதவியை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. அதை இப்போது யாரும் பேச வேண்டியதில்லை.

குளிர்காலம். காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
மாரீஸ்வரன்


மதுரை
28.11.2024

தம்பிக்கு,

கனகலட்சுமி தேறியது நல்லது. கமிட்டிக் கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை உங்கள் ஆய்வக உதவியாளர் பாக்கர் வந்திருந்தார். கீழக்கரையிலிருந்து மூன்று பஸ் மாறி, நனைந்துகொண்டு வந்தார். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"கமிட்டியில என்னைய கூப்புடுவாங்கம்மா. நா என்ன சொல்லட்டும்னு உங்ககிட்ட கேக்கத்தான் வந்தேன்."

"நடந்ததைச் சொல்லுங்க."

"நடந்ததுன்னா நீங்க இன்ஸ்பெக்சனுக்கு வந்த நாள்ல இருந்து சொல்லணுமேம்மா. தராசு, ப்யூரெட்டு, ஸ்டாண்டு எல்லாத்தையும் வேற காலேஜுல இருந்து வேன்ல நாந்தான் ஏத்திக்கிட்டு வந்தேன். மறுநாளே திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அது உங்களுக்குத் தெரியாதுல்ல?"

 அவரிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். அன்று ஒரு தராசைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பெயர்ப்பட்டையைக் கிழித்த பசை விரலில் ஒட்டியது. தொட்டிக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. அடுப்புக்கு எரிவாயு இணைப்பே இல்லை. நீ வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாய். உனக்கு நாற்பத்தாறு வயது, அதுவரை பகுதிநேர வேலைதான். துறைக்கு அங்கீகாரம் வந்தால் உன்னைத் தலைவராக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். 1987இல் செய்முறைத் தேர்வில் உன்னை ஃபெயில் ஆக்கினேன். அந்த ஒரு வருடம் போனதில் அரசுக் கல்லூரி வேலை கைவிட்டுப் போனது. நம் அய்யா சாகும்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "வசதிகள் நேரில் பார்க்கப்பட்டன, திருப்திகரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊரெல்லாம் கண்டதை எழுது என்று சொல்லிவிட்டு நான் எழுதியது அது.

உமையாள்


இராமநாதபுரம்
6.12.2024

அக்கா,

நீங்கள் குழாயைத் திறந்து மூடியதை நான் அன்றே பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கேட்டீர்களே, கையெழுத்து என்னுடையதுதான். பேனாவால் போட்டதுகூட இல்லை. என் கையெழுத்தை வைத்து ரப்பர் முத்திரை ஒன்று செய்து வைத்திருக்கிறேன். வருடா வருடம் மார்ச்சில் அறுபது நோட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, டி.வி. பார்த்துக்கொண்டே குத்துவேன். முதல் இரண்டு வருடம் சாமான் வாங்கித் தரச் சொல்லித் தாளாளரிடம் நடையாக நடந்தேன். "ரிசல்ட் வருதுல்ல சார், பெறகென்ன?" என்றார். அதன் பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். முதல் பேட்சிலிருந்து கடைசி பேட்ச் வரை எல்லாமே அந்த முத்திரைதான். யுவராணி நோட்டும் அதில் ஒன்று. அவள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை அக்கா. அதுதான் என்னைக் கொல்கிறது.

மேடைக்கு மேடை நான் ஃபெயிலான கதைக்குக் கைதட்டுகிறார்கள். அந்த ஃபெயிலில் என் வயசு போனதை யாரும் சொல்வதில்லை.

தலைவராக இருக்க ஒப்புக்கொள்ளுங்கள். கவிப்ரியா கல்யாணம் முடியட்டும். பாக்கரை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

மாரீஸ்வரன்


மதுரை
11.1.2025

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

தலைவர் பதவியை மறுத்துவிட்டேன். சாட்சியாக வருகிறேன் என்று எழுதினேன். நேற்றுப் போனேன். இப்போது தலைவராக இருப்பவர் சதக். என்னிடம் படித்தவர். வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். நான் 2012 அறிக்கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் காதருகே குனிந்து, "மேடம், இதை எழுதித்தான் ஆகணுமா? யாரும் உங்களைக் கேக்கலையே" என்றார்.

"எழுதுங்க சதக்."

"எங்க எல்லார் வகுப்புலயும் உங்க பேரைச் சொல்லித்தான் மேடம் ஆரம்பிக்கிறோம்."

"இனிமே இதையும் சொல்லி ஆரம்பிங்க."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மதிப்புறு பேராசிரியர் பட்டத்தைத் திரும்பப் பெறுவார்கள். துறையில் மாட்டியிருந்த என் படத்தை மாலையே இறக்கிவிட்டார்களாம்.

உன் கடிதத்தை நான் காட்டவில்லை. நான் செய்ததை மட்டுமே சொன்னேன். உன்னுடையதை நீயே போய்ச் சொல்.

கவிப்ரியாவுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா


இராமநாதபுரம்
16.2.2025

அக்காவுக்கு,

கல்யாணம் தை இருபத்தொன்பதில் முடிந்தது. உங்களுக்குப் பத்திரிகை அனுப்ப வேண்டாம் என்று கனகலட்சுமி சொல்லிவிட்டாள். நீங்கள் சொன்னது பேப்பரில் வந்த நாளில் சம்பந்தி வீட்டார் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தார்கள். கனகலட்சுமி அவர்கள் வீட்டு வாசலில் நின்று அழுதாள்.

கமிட்டி என்னையும் கூப்பிட்டது. வக்கீல் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். ஆய்வகச் சாவியும் முத்திரையும் பாக்கர் பொறுப்பில் இருந்தன, அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது என்று.

அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். போலீசிலும் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

இனி எழுத வேண்டாம்.

மாரீஸ்வரன்


மதுரை
24.3.2025

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் மண்டபத்துக்குப் போனேன். யுவராணி வீட்டில் இருக்கிறாள். ஓலைத் தடுப்புக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தாள். கட்டுகளைப் பிரித்துவிட்டார்கள். முகத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவளிடம் 2012இல் நான் செய்ததைச் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாம்மா?"

"தெரியும்."

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். தாய் அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். சத்தம் போடவில்லை. "நீங்க பெரிய மனுசின்னு நெனச்சு ஆஸ்பத்திரியில ஒங்க காலத் தொட்டுக் கும்புட்டேனே. எந்திரிச்சுப் போங்க" என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பும்போது பாக்கர் வீட்டுக்குப் போனேன். அவர் இராமநாதபுரத்தில் ரிமாண்டில் இருக்கிறார். அவர் மனைவி சித்தி ஜுனைதா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அல்லா பாத்துக்குவான், நீங்க போங்க" என்றாள். இரண்டாவது வாசலிலும் அதே சொல்.

அவர் முத்திரை குத்தவில்லை என்பதற்கு உன் டிசம்பர் கடிதம் ஒன்றுதான் சாட்சி. சித்திரை பிறக்கும்வரை காத்திருப்பேன். அதற்குள் நீயாகப் போய்ச் சொன்னால் அதற்கு வேலை இல்லை. சொல்லாவிட்டால் கமிட்டிக்கு அனுப்பிவிடுவேன்.

மருந்தை விடாமல் சாப்பிடு. உனக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது.

அக்கா,
உமையாள்


இராமநாதபுரம்
11.4.2025, வெள்ளி மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். இன்று காலை சதக் முன்னால் போய் நின்று முத்திரை என்னுடையது, குத்தியது நான், பாக்கருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வக்கீலுக்கும் தாளாளருக்கும் தெரியாமல் போனேன்.  பாக்கரை விட்டுவிடுவார்கள்.

அந்த ஒரு பேட்ச் மட்டும் அப்படி நடந்துவிட்டது, கொரோனாக் குழப்பம் என்று சொன்னேன். மற்ற வருடங்களை அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதோடு போகட்டும் அக்கா. ஒரு வருடத்துக்கு என்றால் ஓய்வுக்கு முன் ஒரு தண்டனையோடு முடிந்துவிடும். எல்லா வருடமும் என்றால் ஜெயில்தான். அந்தக் கடிதம் இனி தேவையில்லை, எரித்துவிடுங்கள்.

கவிப்ரியா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். புடவையை அவளே வந்து வாங்கிக்கொள்வாளாம். சித்திரை கடைசியில் அழைத்துக்கொண்டு வாரேன். நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புத் தம்பி,
மாரீஸ்வரன்


மதுரை
16.4.2025

அன்புத் தம்பி மாரீஸ்வரனுக்கு,

உன் கடிதம் இன்று பகல் பதினொன்றரைக்குத்தான் கைக்கு வந்தது. நடுவில் ஞாயிறு, திங்கள் வருடப் பிறப்பு விடுமுறை. அதுவரை காத்திருந்துவிட்டு, நேற்றுக் காலை உன் டிசம்பர் கடிதத்தைப் பதிவுத் தபாலில் கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

நீ போய்ச் சொன்னாய் என்று படித்ததும் தனியாக உட்கார்ந்து அழுதேன். பாக்கர் வெளியே வருவார். நான் இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாம்.

உடனே ஆட்டோ பிடித்துத் தபாலாபீசுக்குப் போனேன். அனுப்பிய தபாலைத் திரும்பக் கேட்கலாம் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். "இப்பவே எழுதிக் குடுத்தீங்கன்னா நிறுத்திரலாம்மா" என்று ஒரு படிவத்தைக் கொடுத்தாள். என் பெயரை எழுதினேன். முகவரியை எழுதினேன். காரணம் என்ற இடம் வந்தது.

நீ ஒரு வருடத்தைச் சொன்னாய். அந்தக் கடிதம் எல்லா வருடங்களையும் சொல்கிறது. முதல் பேட்சிலிருந்து அறுநூறு பிள்ளைகள் வெளியே போயிருக்கிறார்கள். உரக் கம்பெனியில் இருப்பார்கள், சாயப்பட்டறையில் இருப்பார்கள், ஐஸ் கம்பெனியில் அமோனியாப் பக்கத்தில் நிற்பார்கள். சில பேர் பள்ளிக்கூடத்தில் பிராக்டிகல் எடுப்பார்கள். எல்லாரிடமும் இருபத்திரண்டு எக்ஸ்பெரிமெண்ட் முடித்ததாக என் புத்தகத்து வரிகளைப் பிரதி எடுத்த நோட்டு இருக்கிறது.

படிவத்தை நிரப்பாமல் அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ ஜெயிலுக்குப் போனால் நான் வந்து பார்ப்பேன். மனுவில் சொந்தம் என்னவென்று கேட்பார்கள், அக்கா என்று எழுதுவேன். கனகலட்சுமி என் முகத்தில் விழிக்க மாட்டாள். கவிப்ரியாவும் வரமாட்டாள். புடவையைத் தபாலில் அனுப்புகிறேன், உடுத்தாவிட்டாலும் வைத்துக்கொள்ளட்டும்.

அந்த அறுநூறு பேரும் எங்கெங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, ஒவ்வொருவரையும் ஒரு வாரமாவது உண்மையான ஆய்வகத்தில் நிறுத்த வேண்டும் என்று சதக்குக்கு எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் பதிவெண்தான் இருக்கிறதாம். வீட்டு முகவரியும் போன் நம்பரும் போட்ட சேர்க்கைப் பதிவேடு உன் அறை பீரோவில் இருக்கிறது என்று நவம்பரில் வந்தபோதே பாக்கர் சொல்லியிருந்தார். தாளாளர் அதை எடுப்பதற்குள், இந்தக் கடிதம் கிடைத்த உடனே போய் எடுத்து, நீயே சதக்கிடம் கொண்டுபோய்க் கொடு.

உன் அக்கா,
உமையாள்